பார்சல் ரூமுக்குக் கீழே

பெரம்பூர், மெட்ராஸ்
10-1-1956

மதிப்புக்குரிய மாமாவுக்கு மருமகன் தங்கவேல் வணக்கம். பூவம்மாளும் பிள்ளைகளும் நலம். சின்னவளுக்குக் காது வலி போன வாரத்தோடு விட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, மச்சான் ஆனந்தனும் தேவகியும் எப்படி என்று எழுதச் சொல்லவும்.

நம் திருத்தணி ஸ்டேஷன் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட எங்கள் ரயில்வே ஆபீசில் காகிதம் தயாராகிறது. காரணம் தண்ணீர்தான். ஸ்டேஷனில் இருக்கும் கிணறு உப்பு. ஆடிக் கிருத்திகைக்கு வருகிற காவடி ஜனத்துக்கு அரக்கோணத்திலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியும் போதவில்லை. உயரத்தில் பெரிய இரும்பு டேங்க் வைக்க வேண்டும். பழைய கட்டடம் அதைத் தாங்காது என்பது எல்லாருடைய எண்ணம்.

நான் வெறும் மேஸ்திரி. ஆனாலும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. இன்ஜினியர் ஷண்முகசுந்தரம் அவர்களிடம் போய், "சார், அந்தச் சுவரு ரெண்டரை அடி கனம். மேற்குக் கோடியில இருக்கற பார்சல் ரூம் மேலயே டேங்க வைக்கலாம். எதுக்கு இடிக்கணும்?" என்று கேட்டேன்.

"சுவர் இருக்கட்டும்யா. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், கீழ என்ன மண்ணு? வரைபடத்தைக் கரையான் தின்னுட்டுது. யாரைக் கேக்கறது?"

"அஸ்திவாரம் போட்டதே என் மாமனார்தான் சார்."

அவர் சிரித்தார். "அப்ப அவரையே கேளு. சரியான பதில் வந்தா ஸ்டேஷன் நிக்கும். வரலேன்னா ஆடிக்கப்புறம் கடப்பாரைதான்."

ஆகவே மாமா, தெரிந்ததை எல்லாம் எழுதச் சொல்லவும். முக்கியமாக மேற்குக் கோடி. 'எங்க ஸ்டேஷன், எங்க ஸ்டேஷன்' என்று நீங்கள் சொல்லிச் சொல்லியே பூவம்மாள் வளர்ந்தாள். அதைக் காப்பாற்ற இப்போது உங்கள் ஒரு கடிதம் போதும்.

இப்படிக்கு
தங்கவேல்

---

முருகன் துணை
திருத்தணி
27-1-1956

பெரம்பூரில் இருக்கும் மாப்பிள்ளைக்கு வேடியப்பன் சொல்ல, மருமகள் தேவகி எழுதுவது. இங்கே எல்லாரும் நல்லபடி. முழங்கால், ஸ்டேஷனுக்குப் போகும்போது வலிப்பதில்லை, திரும்பும்போது வலிக்கிறது. அதற்கு எந்த வைத்தியரிடமும் மருந்து இல்லை. பேத்தியின் காதில் எண்ணெய் காய்ச்சி விட வேண்டாம் என்று பூவம்மாளிடம் சொல்லவும். தேவகி புத்தகத் தமிழில்தான் எழுதுவேன் என்கிறாள். எழுதட்டும். பேசினவர்கள் பேச்சை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் இன்ஜினியர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குச் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறார். அந்தக் கட்டடம் எழும்பியபோது எனக்கு இருபது வயது. அதற்கு முன்னே அங்கே இருந்தது ஒரு தகரக் கொட்டகை. மழை பெய்தால் டிக்கெட் கொடுக்கிறவர் குடை பிடித்துக்கொண்டு கொடுப்பார். என்னைப் பெற்ற நைனா சுப்பன்தான் அஸ்திவாரக் கூட்டத்துக்குத் தலைவர். நைனா பேச்சுக் குறைவு. அவருக்கும் சேர்த்து நான் பேசுகிறேன்.

சுவரின் பலம் எதில் இருக்கிறது என்றால் காரையில். சுண்ணாம்பை எருமை கட்டிய செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறவைத்த தண்ணீர் விட்டு, வெல்லத்தைக் கரைத்து ஊற்றுவோம். இந்த வெல்லத்தால் ஒரு கூத்து நடந்தது. சுவர் பூசி முடித்த மறுநாள் காலையில் பார்த்தால் ஊர் மாடுகள் பதினைந்து இருபது வரிசையாக நின்று ஸ்டேஷனை நக்கிக்கொண்டு இருக்கின்றன. அப்போதைய ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர். தொப்பியைக் கழற்றி வீசுகிறார், மாடு அசையவில்லை. எங்களைப் பார்த்து, "இன்னா மேன் இது, உங்க மாடு டிக்கெட் வாங்கிச்சா?" என்றார். நைனா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் மேலே இன்னொரு பூச்சு, வெல்லம் இல்லாமல்.

அஸ்திவாரம் கேட்டீர்கள். கிழக்குக் கோடியில் ஆறடி தோண்டினோம், சரளை தட்டியது. நைனா காலால் உதைத்துப் பார்த்து, "போதுண்டா. இதுக்கு மேல தோண்டினா பாதாளத்துல இருக்கறவன் கோச்சிப்பான்" என்றார். நடுவே டிக்கெட் ரூமிலும் அதே ஆறடி, அதே சரளை. இதை தைரியமாக எழுதிக்கொள்ளலாம்.

காகிதம் முடிந்துவிட்டதாம். பூவம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி.

வேடியப்பன்

---

பெரம்பூர்
14-2-1956

மாமாவுக்கு வணக்கம். இங்கே நலம். உங்கள் முழங்காலுக்குப் பூவம்மாள் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

கடிதத்தை இன்ஜினியரிடம் படித்துக் காட்டினேன். மாடு நக்கிய இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டு மறுபடி படிக்கச் சொன்னார். கிழக்கும் நடுவும் குறித்துக்கொண்டார். பிறகு, "மேற்கைக் காணோமேய்யா" என்றார்.

டேங்க் உட்காரப்போவது மேற்கில். அதைத்தான் அவர் கேட்கிறார். ஒரு வரி போதும் மாமா. சீக்கிரம் எழுதச் சொல்லவும்.

தங்கவேல்

---

முருகன் துணை
திருத்தணி
20-3-1956

மாப்பிள்ளைக்கு வேடியப்பன் ஆசி. எல்லாரும் சுகம். தைலம் வந்தது, வாசனை நன்றாக இருக்கிறது. பதில் தாமதமானதற்குக் காரணம், ஆர்.கே.பேட்டையில் நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணம். மூன்று நாள் அங்கே தங்கினேன்.

அங்கே ஒரு பெரிய வாக்குவாதம். நம் ஊர் இப்போது இருப்பதுபோல் ஆந்திராவிலேயே இருக்க வேண்டுமா, மெட்ராசோடு போக வேண்டுமா என்று. மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறவர்கள், பெண் வீட்டார் தமிழ். ஆனால் சண்டை அந்த வரிசையில் நடக்கவில்லை. தெலுங்குக்காரன் ஒருவன் மெட்ராஸ் வேணும் என்கிறான், தமிழ்க்காரன் ஒருவன், "எந்த ராஜ்யமா இருந்தா இன்னா, நூலு வெல கொறையுமா?" என்கிறான். என்னைக் கேட்டார்கள். "எங்க ஸ்டேஷன பாருங்கடா. ரெண்டு பக்கமும் ரயிலு போவுது. அது யார்கிட்டயும் சண்டைக்குப் போறதில்ல" என்றேன். அதற்குப் பிறகு பந்தி போட்டார்கள்.

வெயிலுக்கு முன்னே இந்த வருஷம் மாங்காய் நிறையக் காய்த்திருக்கிறது. கனகம்மாசத்திரம் பஸ்ஸில் வருகிறவர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிறார்கள். கொடுத்தனுப்புகிறேன்.

மேற்குப் பக்கம் கேட்டிருந்தீர்கள். அது முழுக்க நைனா கை வைத்த வேலை. நைனா கை வைத்தது எதுவும் இதுவரை விழுந்ததில்லை.

வேடியப்பன்

தங்கவேல் அண்ணாவுக்குத் தேவகி வணக்கம். மாமா வெளியே போயிருக்கிறார். இந்தக் கடைசி வரிக்கு நான் நாலு நாள் காத்திருந்தேன். மூன்று தடவை சொல்லி மூன்று தடவை அடிக்கச் சொன்னார். தினமும் ஸ்டேஷனுக்குப் போய், பார்சல் ரூம் தரையைக் கைத்தடியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறாராம். ஸ்டேஷன் மாஸ்டர் ஆதிகேசவன் சார் என் வீட்டுக்காரரிடம், "உங்கப்பாரு இன்னா, எலி பிடிக்கறாரா?" என்று கேட்டாராம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

---

பெரம்பூர்
4-4-1956

மாமாவுக்கும் ஆனந்தன், தேவகிக்கும் வணக்கம். எல்லாரும் நலம். இனிப்பான செய்தி.

'மேற்கும் கிழக்கைப் போலவே, ஆறடி, சரளை. கட்டியவர் வாய்மொழி' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இன்ஜினியர் ஒப்புக்கொண்டார். இடிக்கும் காகிதம் ரத்து. டேங்க் பார்சல் ரூம் மேலே உட்காரும். அதன் கீழேயே சுவரோரம் பன்னிரண்டு குழாய். ஆடிக் கிருத்திகைக்கு இறங்குகிற ஜனம் அங்கே வரிசையாக நின்று தண்ணீர் பிடிக்கலாம்.

தேவகி, நீ எழுதியதைப் படித்தேன். வயதானவருக்குக் கட்டடத்தின் மேல் இருக்கும் பாசம், வேறொன்றும் இல்லை. மாமா, பண்டிகைக்குப் பூவம்மாளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் பேத்திதான் முதல் குழாயைத் திறக்க வேண்டும்.

தங்கவேல்

---

பெரம்பூர்
8-5-1956

மாமாவுக்கு வணக்கம். ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதமே இல்லை. உடம்பு சௌகரியம்தானே? இங்கே நலம். இரும்பு வந்து இறங்கிவிட்டது. ஜூன் பதினோராம் தேதி வேலை தொடக்கம். இந்தக் கார்டுக்காவது பதில் போடவும்.

தங்கவேல்

---

முருகன் துணை
திருத்தணி
16-5-1956

மாப்பிள்ளைக்கு வேடியப்பன் எழுதச் சொல்வது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். காகிதம் முடிந்தால் இன்னொன்று எடுக்க வேண்டும் என்று தேவகியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மேற்குக் கோடியில் சரளை இல்லை. பார்சல் ரூமுக்குக் கீழே கிணறு இருக்கிறது.

அது எங்கள் தெருக் கிணறு. ஊர்க் கிணற்றில் நாங்கள் கயிறு விடக் கூடாத காலம் அது. எங்கள் தெரு அறுபது வீட்டுக்கும் அந்த ஒன்றுதான். எட்டடி அகலம், தண்ணீர் கற்கண்டு. ரயிலுக்கு நிலம் எடுத்தபோது கிணறு இருந்த இடமும் போனது. கட்டடம் நீளவேண்டும், கிணற்றைத் தூர்த்துவிடு என்று காண்டிராக்டர் உத்தரவு. யாரிடம் சொன்னான் என்றால், எங்கள் நைனாவிடம். எங்கள் கிணற்றை எங்கள் கையாலேயே தூர்க்கச் சொன்னான். தெரு ஜனம் எல்லாம் வந்து ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வேலையை விட்டால் அந்தப் பஞ்ச வருஷத்தில் அடுப்பு எரியாது.

நைனா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்புறம், "ஏண்டா வேடி, குடிக்கிற தண்ணி மேல மண்ண கொட்டுவானாடா மனுசன்?" என்றார்.

"ஓவர்சீர் வந்து பாப்பாரே நைனா."

"மேல வந்து பாப்பான். உள்ள எறங்கியா பாப்பான்?"

ஓவர்சீர் யாரோ கல்யாணத்துக்கு அரக்கோணம் போன இரண்டு நாள் எங்களுக்குக் கிடைத்தது. கூலி ஆட்களை எல்லாம் கிழக்கே அனுப்பிவிட்டோம். கிணற்று வாய்க்குக் குறுக்கே பனங்கட்டைகளை அடுக்கினோம். அதன்மேல் மண்ணை அம்பாரமாகக் குவித்து, தட்டி, அந்த மண்மேலே சட்டியைக் கவிழ்த்த மாதிரி செங்கல்லை வளையம் வளையமாக வைத்துக் காரை பூசினோம். மூன்று அடுக்கு. அதுக்கு மேலே மண் போட்டு மட்டமாக்கித் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தினோம். ஓவர்சீர் வந்து செருப்புக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, "சபாஷ்" என்றான். பனங்கட்டை எப்போதோ மக்கி, அந்தக் கொஞ்ச மண்ணோடு உள்ளே விழுந்திருக்கும். வளைவு மட்டும் நிற்கிறது. தட்டிப் பார்த்தேன், இன்னும் கணீர் என்கிறது. ஆனால் அது ஒரு ரூமைத் தாங்கப் போட்டது, டேங்கைத் தாங்கப் போட்டதல்ல.

நைனா சாகும்போது என்னிடம் சொன்னது, "நாம அத சாவடிக்கல. மூடி வெச்சிருக்கறோம். யார்கிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா கல்லக் கொட்டி நெரப்பிடுவானுங்க." அதனால் யாருக்கும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி தாயம்மாளுக்கும் சொல்லவில்லை. நந்தி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தினமும் அந்த பார்சல் ரூமைத் தாண்டித்தான் நடந்தாள். முப்பது வருஷம். அவள் போகும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஜனவரியிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஸ்டேஷனும் போகும், கிணறும் போகும் என்று மாட்டையும் மாங்காயையும் பேசிக்கொண்டு இருந்தேன். பன்னிரண்டு குழாய் என்று நீங்கள் எழுதியதைத் தேவகியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். ஜனம் அந்தச் சுவரோரம் நிற்கும். என் பேத்தியும் நிற்பாள். இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள்.

வேடியப்பன்

---

பெரம்பூர்
24-5-1956

மாமாவுக்குத் தங்கவேல் எழுதுவது. இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. உங்கள் சுகத்தைத் தேவகி எழுதட்டும்.

நான் கையெழுத்துப் போட்டேன் மாமா. உங்களை நம்பி, 'கட்டியவர் வாய்மொழி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேற்று உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் இன்ஜினியர் முன்னால் நின்றேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. மேசைக்காரர்களைக் கூப்பிடவும் இல்லை.

ஆனால் ஒரு வழி சொன்னார். தரையை வெட்டி, வளைவை உடைத்து, கிணற்றை அடியிலிருந்து கல்லும் கான்கிரீட்டும் போட்டு நிரப்பிவிட்டால் பார்சல் ரூம் நிற்கும், டேங்கும் நிற்கும். ஸ்டேஷன் முழுசாகத் தப்பிக்கும். என் குறிப்பில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், என்மேல் பெரிதாகக் குற்றம் வராது. ஜூன் ஒன்பதாம் தேதி அவரே வருகிறார். கட்டினவர் என்ற முறையில் உங்களிடம் கேட்பார்.

"நிரப்புங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாற்பத்தேழு வருஷமாக யாரும் குடிக்காத தண்ணீர். உங்களிடம் இதுவரை நான் ஒன்றும் கேட்டதில்லை.

தங்கவேல்

---

முருகன் துணை
திருத்தணி
12-6-1956

மாப்பிள்ளைக்கு வேடியப்பன் ஆசி. நாங்கள் நலம். அங்கே நலம் என்று கேட்டால்தான் எனக்கு நலம்.

ஒன்பதாம் தேதி காலை பாசஞ்சரில் இன்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர், வெற்றிலை போடுவதில்லை. கூட வந்த நாலு பேர் பார்சல் ரூம் தரையை வெட்டினார்கள். மூன்றடிக்குக் கீழே செங்கல் தெரிந்தது. நடுவில் நாலு கல்லைப் பெயர்த்ததும் உள்ளேயிருந்து குளுகுளு என்று காற்று வந்தது. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பன்னிரண்டடி ஆழத்தில் தண்ணீர் மின்னியது. ஆதிகேசவன் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "அடப்பாவிங்களா, இது மேலயா பத்து வருஷமா மேசை போட்டு உக்காந்துகினு இருந்தேன்?" என்றார்.

இன்ஜினியர் வளைவைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். "இதுக்கு வரைபடம் யாரு போட்டுக் கொடுத்தது?"

"யாரும் இல்லீங்க. நைனாதான்."

"நைனாவுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"குயவர் வீட்டுச் சூளைய பாத்திருப்பாருங்க."

இன்ஜினியர் அங்கேயே குந்தி, பெயர்த்த செங்கல் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குள் செய்தி தெருவுக்குப் போய்விட்டது. பெண்கள் வந்து குட்ஸ் ஷெட் ஓரம் நின்றார்கள். முன்னால் எல்லம்மாள். எழுபதைத் தொட்டவள், கண் பாதிதான் தெரியும், வாய்க்குக் குறைவில்லை. நேராக இன்ஜினியரிடம் வந்தாள்.

"ஐயா, வடக்காண்ட பக்கம் உள்சுவத்துல கால் வெக்கற கல்லு நீட்டிக்கினு இருக்கும். ஏழு. எண்ணிப் பாரு."

எண்ணினார்கள். ஏழு.

"நான் கல்யாணமாயி வந்து ரெண்டு கொடம்தான் சேந்தினேன். மூடிட்டானுங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏண்டா வேடியப்பா, நீ தூர்த்துட்டேன்னு தான்டா சொன்ன?"

"ஆங். சொன்னேன்."

"உன் பொண்டாட்டி ஆத்துக்கு நடந்தாளேடா."

நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கிணற்றோரம் போய் நின்றேன்.

இன்ஜினியர் என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போனார். "பெரியவரே, உங்க மருமகன் நல்ல வேலைக்காரன். இந்தக் கட்டடம் நிக்கணும்னு என்கிட்ட சண்டை போட்டவன். இதை நிரப்பிட்டா ஸ்டேஷன் முழுசா நிக்கும். நிரப்ப வேணாம்னா பார்சல் ரூமை இடிச்சாகணும். பள்ளத்து மேல டேங்க் வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க என்ன சொல்றீங்க?"

மாப்பிள்ளை, உங்கள் கடிதம் என் மடியில்தான் இருந்தது. அந்த ரூமின் ஒவ்வொரு கல்லும் நைனா தொட்டது. ஊரில் எவனாவது ஸ்டேஷன் சுவரில் ஆணி அடித்தால் சண்டைக்குப் போகிறவன் நான். அது உங்களுக்கே தெரியும். இருந்தாலும், "ரூமை இடிங்க சாமி" என்றேன்.

"ஸ்டேஷனைக் காப்பாத்தணும்னு தானே இவ்வளவும்?"

"ஸ்டேஷன் நெலத்துமேல வந்துது. கெணறு அதுக்கு முன்னாடியே இருந்துது. எது முதல்ல வந்துதோ அத முதல்ல காப்பாத்துங்க. டேங்குக்குத் தண்ணிய எங்கிருந்து கொண்டாருவீங்க, அரக்கோணத்துலருந்து தானே? இங்க காலுக்குக் கீழ இருக்குது. மொதல்ல குடிச்சிப் பாருங்க, அப்புறம் நெரப்பறதா வாணாமான்னு சொல்லுங்க."

வாளி இறக்கினார்கள். முதலில் மேலே வந்தது சேறும் மக்கிய பனங்கட்டைத் தூளும். நாலு வாளி கொட்டியபின் தெளிந்தது. அவர் குடித்தார். ஆதிகேசவன் சாரிடம் கொடுத்தார். அவர் இரண்டு சொம்பு குடித்தார். அவருக்கு ஸ்டேஷன் உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாத கோபம் பத்து வருஷமாக இருக்கிறது.

இன்ஜினியர் முடிவு ஒன்றும் சொல்லாமல் மாலை வண்டியில் போய்விட்டார். நீங்கள் கேட்ட ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. வருத்தம் உண்டு. ஆனால் மறுபடி கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

வேடியப்பன்

---

பெரம்பூர்
2-7-1956

நைனாவுக்குப் பூவம்மாள் நமஸ்காரம். நானும் பிள்ளைகளும் சுகம். இருபது நாளாகப் பதில் இல்லையே என்று நினைக்க வேண்டாம். அவருக்கு மெமோ கொடுத்தார்கள். இன்ஜினியர் ஆபீசிலிருந்து எடுத்து, குந்தக்கல் பக்கம் லைனில் சரளைக் கல் கொட்டுகிற ரயிலுக்கு மாற்றிவிட்டார்கள். போன வியாழன் புறப்பட்டுப் போனார். உன்மேல் கோபமா என்று கேட்டேன், துணியை மடித்துக்கொண்டு இருந்தார். ஆனால் உன் கடிதங்கள் எல்லாவற்றையும் பெட்டியில் எடுத்துக்கொண்டுதான் போனார். அம்மா ஆற்றுக்கு நடந்த காலமெல்லாம் கிணறு அங்கேயே இருந்ததை இப்போதுதான் எனக்குச் சொல்கிறாய். நேரில் வந்து உன்னிடம் சண்டை போட வேண்டும். பண்டிகைக்கு வருவேன்.

பூவம்மாள்

---

குந்தக்கல்
11-7-1956

மாமாவுக்குத் தங்கவேல் வணக்கம். நான் நலம். வெயில் மட்டும் தலையைப் பிளக்கிறது. உங்கள் முழங்காலும் எல்லம்மாள் பாட்டியின் வாயும் எப்படி?

மூன்று வாரம் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். மறைக்க மாட்டேன். இங்கே லைனோரம் தினமும் காலையில் பெண்கள் குடத்தோடு நடக்கிறார்கள். நேற்று வண்டி நின்றபோது ஒருத்தியிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "மூணு மைலு" என்றாள் தெலுங்கில். அவள் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. நான் அத்தையைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் வந்தது. மத்தியானம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இன்ஜினியர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். முடிவாகிவிட்டது. பார்சல் ரூம் மட்டும் போகும். மீதிக் கட்டடம், ஆறடிச் சரளைமேல் நிற்கிறது என்பதால், அப்படியே இருக்கும். இடிக்கும் பேச்சே இனி இல்லை. கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் ராட்டினமும் போட்டு, ஆடிக் கிருத்திகைக்கு முன்னே எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவு. வாங்கி வைத்த டேங்க் வேறு ஊருக்குப் போகிறது.

நான் எழுதிக் கொடுத்த பொய்யான குறிப்பை அவர் கிழிக்கவில்லை. அதை அப்படியே ஃபைலில் வைத்து, அதன் கீழே உண்மையான குறிப்பு ஒன்று வேண்டும் என்கிறார். ஸ்டேஷனின் வரலாறு. கட்டினவர் வாயால், அவர் கைரேகையோடு. மாமா, மாடு மாங்காய் எல்லாம் வேண்டாம். அது ஃபைல்.

தங்கவேல்

---

முருகன் துணை
திருத்தணி
6-8-1956

குந்தக்கல் மாப்பிள்ளைக்கு வேடியப்பன் ஆசி. வெயிலில் தலைக்கு ஈரத் துண்டு போட்டுக்கொள்ளவும். பூவம்மாளும் பிள்ளைகளும் பண்டிகைக்கு வந்து இங்கேதான் இருக்கிறார்கள். சொன்னபடி சண்டை போட்டாள். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் கிணற்றில் ஒரு குடம் சேந்திக்கொண்டு வந்து, அம்மா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பேசினாள்.

பார்சல் ரூமை இடிக்கும்போது நான் போகமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். போனேன். காரை அவ்வளவு லேசில் விடவில்லை. மூன்று நாள் ஆயிற்று. கடப்பாரைக்காரன் ஒருவன், "எந்தப் படுபாவி கட்டினானோ, கை வுட்டுப் போச்சு" என்றான். எனக்கு அதைவிடப் பாராட்டு வேண்டியதில்லை. இடித்த செங்கல்லை வைத்துத்தான் கிணற்றுக்குச் சுவர் எழுப்பினார்கள்.

பண்டிகை அன்று ஜனம் இறங்கிக்கொண்டே இருந்தது. நான்கு வாளி ஓய்வில்லாமல் ஏறி இறங்கியது. எங்கள் தெருப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு சேந்திக் கொடுத்தார்கள். எல்லம்மாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "தள்ளிக்கோ, சிந்தாத, ஆத்தா வூட்டு சொத்தா?" என்று எல்லாரையும் மிரட்டிக்கொண்டு இருந்தாள். மத்தியானம் மலைமேல் மடைப்பள்ளியில் சமைக்கிற கணபதிசுப்பிரமணியன் ஐயர் அரக்கோணம் வண்டியில் காய்கறி மூட்டையோடு இறங்கினார். வேர்த்து ஊற்றியிருந்தது. கிணற்றைப் பார்த்து, "இது எப்ப வந்தது? யாரோட கெணறு?" என்றார். சேந்திக்கொண்டு இருந்த தேவகி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்க தெருக் கெணறுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். மூட்டையை இறக்கி வைத்தார். "நாக்கு ஒட்டிண்டு போச்சு, ஊத்தும்மா" என்று இரண்டு கையையும் குவித்தார். தேவகி ஊற்றினாள். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நெய்வேத்தியத்துக்கு நேரமாச்சு" என்று போய்விட்டார்.

ஃபைலுக்கு வேண்டியது கீழே இருக்கிறது. ஆதிகேசவன் சார் எதிரில் சொன்னேன். அவர் இன்னும் கொஞ்சம் சொல்லலாமே என்றார். போதும் என்றேன்.

வேடியப்பன்

---

திருத்தணி ஸ்டேஷன் பற்றி, கூலி சுப்பன் மகன் வேடியப்பன் சொன்னது.

இந்தக் கட்டடம் 1909-இல் கட்டினது. கிழக்கும் நடுவும் ஆறடி ஆழம், சரளை மண். மேற்கில் எங்கள் தெருக் கிணறு இருந்தது. எங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு, தூர்க்கச் சொன்னார்கள். என் நைனாவும் நானும் தூர்க்கவில்லை, மூடினோம். நாற்பத்தேழு வருஷம் மறைத்தேன். அதில் முப்பது வருஷம் என் மனைவி தாயம்மாள் ஆற்றுக்கு நடந்தாள். இப்போது கிணறு திறந்திருக்கிறது. தண்ணீர் நன்றாக இருக்கிறது.

வேடியப்பன், இடது கைப் பெருவிரல் ரேகை.